சாமியார் போட்ட முடிச்சு

சேசு மரி சூசை

மத்திகிரி,
8-5-1968, புதன் மாலை

அன்புள்ள மகன் இன்னாசிமுத்துவுக்கு, அப்பா எழுதுவது. ஜபல்பூரில் நீ நலமாய் இருப்பதாகச் சென்ற மாதம் வந்த உன் கார்டு சொன்னது. அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் அத்தையும் தம்பியும் ஆண்டவர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மற்றவை பிறகு, முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதும் நாங்கள் நால்வரும் கூடத்தில் உட்கார்ந்து, காபியையும் தள்ளி வைத்துவிட்டு, தீர ஆலோசித்து, நம் வீட்டு மோட்டார் சைக்கிளின் ஹாண்டில்பாரை ஒரு சாண் உயர்த்துவது என்று முடிவு செய்தோம். தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓசூரைச் சேலம் ஜில்லாவிலிருந்து எடுத்துத் தர்மபுரியில் சேர்த்தபோதுகூட எங்கள் ஆபீசில் இவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை. உன் அம்மா மட்டும் எதிர்த்தாள். அவளுடைய எதிர்ப்பு வழக்கம்போல் குறித்துக்கொள்ளப்பட்டது.

இது எதற்கு என்று நீ கேட்பாய். உன் தம்பி அருள்ஜோசப் உரக் கம்பெனி வேலைக்காகப் போன வருஷம் வாங்கிய வண்டி கோலார் தங்கச் சுரங்கத்தில் போர்மேனாக இருந்த ஒரு துரையுடையது என்று உனக்கு முன்பே எழுதியிருந்தேன். அந்தத் துரை வேகத்தில் பிரியமுள்ளவராம், காற்று முகத்தில் அடிக்கக் கூடாதென்று ஹாண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தாழ்வான ஒன்றை மாட்டி வைத்திருந்தார். நம் அருளோ பனைமர உயரம். அவன் அதில் ஏறி உட்கார்ந்தால் பெட்ரோல் டாங்கை நமஸ்காரம் செய்துகொண்டு போகிறவன் மாதிரி இருக்கும். இது ஒரு வருஷமாக யாருக்கும் கஷ்டம் கொடுக்கவில்லை. ஆனால் தேன்கனிக்கோட்டை மேரிராணியை அவனுக்கு நிச்சயம் செய்து, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கலியாண அறிவிப்பில் முதல் ஓலையும் வாசித்தான பிறகு, பெண்ணின் தாய்மாமன் சின்னப்பன், அங்கே விறகு டிப்போ வைத்திருப்பவர், இவன் வண்டியில் போவதை ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை நல்ல பையன்தானுங்க, ஆனா முதுவு வில்லாட்டம் வளைஞ்சு கெடக்குதே, அது கூனா, இல்ல இனிமேத்தான் கூன் வரப்போவுதா, அத மட்டும் சொல்லிப்புடுங்க என்று ஆள் மூலம் கேட்டனுப்பினார். பையன் நடக்கும்போது நேராகத்தான் நடக்கிறான் என்று நான் பதில் சொல்லி அனுப்பினேன். நடக்கறப்ப எல்லாருந்தான் நிமிருவான், உக்காந்தாத்தானுங்க எலும்பு உண்மை பேசும் என்று மறுபதில் வந்தது. மருத்துவத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடம் இதற்கு அடுத்து வருகிறது. ஓலை வாசிக்கும்போது, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்கிறாரல்லவா, அதை ஊரார் எல்லாரும் கேட்டுவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். சின்னப்பன் மட்டும் அதை நிஜமான அழைப்பு என்று நினைக்கிறார். இரண்டாம் ஓலை வாசித்த சென்ற ஞாயிறு அன்று நம் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலைங்க, அதுக்குள்ள என் மனசு தெளியலைன்னா நான் எழுந்து நிக்க வேண்டியதாப் போயிடும், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். தேன்கனிக்கோட்டை வழக்கப்படி இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறார்கள். நாளை வியாழக்கிழமை விருந்து. சின்னப்பன் தம் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை வண்டியில் வரும் வருகையைத் தாமே பார்த்து முடிவு செய்யப் போகிறார். உன் தம்பியோ அந்தப் பெண்ணிடம் முழுசாக மனசைக் கொடுத்துவிட்டான், குளிக்கும்போது பாடுகிறான். அந்தப் பெண்ணும் தன் மாமனிடம், கூனா இருந்தா எனக்குத்தானே, உங்களுக்கென்னா மாமா என்று கேட்டுவிட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து இவன் காலை ஜெபத்தைக்கூட விடாமல் சொல்கிறான்.

ஆகவே ஹாண்டில்பார். உனக்கு ராணுவ ஒர்க்‌ஷாப்பில் தினமும் இதே வேலை, ஆனாலும் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இதெல்லாம் இந்த வாரந்தான் தெரியும். நம் தெருக்கோடியில் கிணற்று ஆயில் இஞ்சின்களைப் பழுது பார்க்கும் மாதப்பன், தண்ணீர்க் குழாய் ஒன்றை மணலடைத்துச் சூடு காட்டி வளைத்து, எருமைக் கொம்பு மாதிரி உயர்ந்து நிற்கும் ஒரு ஹாண்டில்பாரைத் திங்கட்கிழமையே செய்துவிட்டான். பழையது சாமியார் மந்திரித்த பொருள் என்பதால் அதை வெளியே போடக் கூடாது என்று அத்தை சொல்லி, கூடத்தில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த குருத்தோலைக்கு மேலே, ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள். புதிய ஹாண்டில்பாரை மாட்டியதும்தான் கேபிள் விவகாரம் தலைதூக்கியது. கிளச்சுக்குப் போகும் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஹார்னுக்கும் விளக்குக்கும் போகும் ஒயர், இவை எல்லாம் ஹாண்டிலிலிருந்து இறங்கி, வண்டியின் கழுத்துக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து, டாங்குக்கு அடியில் போகின்றன. அங்கே இன்னும் ஒரு சாண் நீளம் மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்பை மேலே இழுத்து, கழுத்தைச் சுற்றித் தளர்வாக வளைத்துவிட்டால், ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதுவும் இழுபடாது, புது கேபிள்கூட வாங்க வேண்டாம், அரை மணி வேலை என்று மாதப்பன் சொன்னான். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள், உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, சாமியார் வண்டியை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்ததோடு அவர் போயிருப்பார். அத்தைதான் விடவில்லை. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கயிற்றில், வழிப்பயணம் போகிறவர்களைக் காக்கும் அர்ச். கிறிஸ்தோபர் பதக்கத்தைக் கோத்து நீட்டி, உங்க கையாலயே கட்டிப்புடுங்க சாமி, யார் கட்டினாலும் அவுந்து போவுது என்றாள். அவரும் எங்கே கட்டுவது என்று பார்த்து, கைக்கு எட்டிய இடத்தில், அந்தக் கழுத்துப் பக்கத்தில், கேபிள்களையும் ஒயர்களையும் சேர்த்துப் பிடித்து வண்டியின் இரும்போடு இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டுவிட்டார். அவர் தலை மறைந்ததும் அத்தை பாஸ்கு மெழுகுவத்தியை உருக்கி அதன்மேல் ஊற்றி முத்திரையும் வைத்துவிட்டாள். தாலுகா கஜானாவுக்குக்கூட நாங்கள் அப்படி ஒரு முத்திரை வைத்ததில்லை. மடிப்பு முழுக்க முடிச்சுக்குக் கீழே, ஹாண்டில் முடிச்சுக்கு மேலே. மாதப்பன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான், இந்த நூலை அறுத்துட்டா ஆச்சுங்க என்றான். அத்தை ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். சாமி கட்டினதைச் சாமிதான் அவுக்கணும், நீ அறுத்தா உன் கையி வெளங்குமா என்று கேட்டாள். மாதப்பன் நம் வேதக்காரன் அல்ல, மலையில் உள்ள முனியப்பனுக்கு ஆடு வெட்டுகிறவன். அத்தையைவிட அவன்தான் அதிகம் பயந்தான். வேணாங்க, நான் புள்ளகுட்டிக்காரன், யார் சாமியா இருந்தாலும் கட்டினது கட்டினதுதான் என்று கத்தியை மடித்து வைத்துவிட்டான். உன் அம்மா உள்ளே போய்த் தையல் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு நடந்த பேச்சை எழுதினால் ராணுவத் தணிக்கைக்காரர்கள் கிழித்துவிடுவார்கள்.

கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு அதிகாரி போட்ட உத்தரவை அதே அதிகாரியோ, அவருக்கு மேலதிகாரியோதான் ரத்து செய்ய முடியும், கீழே இருப்பவன் தொடக் கூடாது என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன். மேலதிகாரியான மேற்றிராணியார் சேலத்தில் இருக்கிறார். நம் சாமியாரும் ஒரு வாரம் ஒதுங்கி ஜெபத்தில் இருக்கும் ஞான ஒடுக்கத்துக்காக அங்கேதான் போயிருக்கிறார், சனிக்கிழமை மாலை திரும்புகிறார். வந்ததும் அவரே அவிழ்த்துக் கொடுப்பார், அதுவரை முடிச்சு இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. அத்தைக்குத் திருப்தி. மாதப்பன் முடிச்சுக்கு மேலே கிடைத்த நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வளைவு எதுவும் இல்லாமல், டாங்குக்கு மேலாக நேரே இழுத்து மாட்டிவிட்டான். தொட்டால் வீணைத் தந்தி மாதிரி சத்தம் வருகிறது. உன் அம்மா அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, துணி பத்தலைன்னா இழுத்து வெச்சுத் தெச்சுடலாம், ஆனா அப்புறம் கையத் தூக்கினா அக்குள்ல கிழியும் என்றாள். இது தையல் இல்லை என்று அவளுக்கு விளக்கினேன்.

நேற்று வெள்ளோட்டம். நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. அருள் அந்தக் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு கவர்னர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், தெருவில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். மாட்டுப் பண்ணை மதில் வரைக்கும் போய் வலப்பக்கம் திருப்பினான். திருப்பியதும் ஹார்ன் தானாக அலற ஆரம்பித்தது, ஒயர் எங்கோ நசுங்குகிறதாம். பக்கத்து வீட்டு நஞ்சம்மாவின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, இன்று காலையில்தான் கிடைத்தது. ஹாண்டிலை நேராக்கியதும் ஹார்ன் நின்றது. அப்புறம் இடப்பக்கம் திருப்பினான். அவன் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கவில்லை, நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், இஞ்சின் மட்டும் வேறு யாரோ முறுக்குவதுபோல உறுமிக்கொண்டு எழும்பியது. திருப்பத் திருப்ப உறுமல் கூடியது. நேராக்கினால் அடங்கியது. மறுபடி திருப்பினால் மறுபடி. அர்ச். கிறிஸ்தோபர்தான் பையனைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிறார் என்று அத்தை சொன்னாள். எங்கே கொண்டுபோய் என்று உன் அம்மா கேட்டாள்.

மாதப்பன் தைரியம் சொன்னான், நேராப் போறவரைக்கும் ஒண்ணும் ஆவாதுங்க, எடதுபக்கம் ஒடிக்கறப்ப மட்டும் முன்னாடியே வேகத்தைக் கொறச்சுக்கணும் என்றான். அருளும் அதைப் பழகிக்கொண்டுவிட்டதாகச் சொல்கிறான், வளைவுக்கு முன்பே கையை முழுக்கத் தளர்த்திவிட்டால் உறுமல் பாதியாகக் குறைகிறதாம். பாதி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, அப்பா நீங்க ஒண்ணு, பாதின்னா பாதிதான் என்று சிரித்தான். நான் என் பங்குக்குப் பழைய தாலுகா வரைபடத்தை எடுத்து விரித்து, மத்திகிரியிலிருந்து தேன்கனிக்கோட்டை வரை ரோடு எத்தனை இடங்களில் இடப்பக்கம் திரும்புகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். ஏரிக்கரை வரைக்கும் எண்ணினேன். அதற்கு அப்பால் எண்ணுவதால் பயன் இருப்பதாகத் தோன்றவில்லை, படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஜூஜுவாடிப் பக்கம் பெங்களூர் ரோடு கோடு போட்டதுபோல் நேராகப் போகிறது, பெண்ணை அந்தப் பக்கத்தில் பார்த்திருந்தால் தொல்லையே இல்லை. பஸ்ஸில் போகட்டும் என்றாள் உன் அம்மா. பஸ்ஸில் எல்லாரையும் சீட்டே நிமிர்த்தி வைத்துவிடும், அதை வைத்துச் சின்னப்பன் எந்த முடிவுக்கும் வர மாட்டார் என்று நான் சொன்னேன். அப்ப விருந்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்க என்றாள். அதற்குள் மூன்றாம் ஓலை வந்துவிடும். எல்லா வழியையும் யோசித்துவிட்டோம் என்பதற்காக இவ்வளவையும் எழுதுகிறேன். இன்னொன்று, வலப்பக்கம் திரும்பும்போது முன்விளக்கு அணைந்துவிடுகிறது, ரப்பர் கருகும் வாடையும் வருகிறது. ஆகவே இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பலாப்பழத்துக்காக யானைகள் வேறு ரோட்டுக்கு வருகின்றனவாம், சென்ற வாரம் ஒரு குடியானவனின் மாட்டுவண்டியைப் புரட்டிவிட்டுப் போயிருக்கின்றன.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை கொல்லைப்புறத்துச் சுவரோரம் அந்தக் கத்திரியை மறுபடி கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நின்றிருந்தாள், என்னைக் கண்டதும் முருங்கைக் கீரை பறிக்க வந்ததாகச் சொன்னாள். முருங்கைக்குக் கத்திரி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கத்திரியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மாங்காய் இந்த வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் நன்றாகக் காய்த்திருக்கிறது, உனக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது லீவில் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மழை ஒன்று பெய்து புழுதி அடங்கியது, அதனால் ரோடு சில இடங்களில் சறுக்கும் என்கிறார்கள். நீ மூன்று வேளையும் கோதுமையே தின்றுகொண்டிருக்காமல் ஒரு வேளையாவது சோறு கேட்டுச் சாப்பிடு. மேலதிகாரி சொன்னதற்கு எதிர்ப்பேச்சுப் பேசாதே, நம் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ராணுவ லாரியில் போகும்போது கையை வெளியே நீட்டாதே. வேலைக்குப் போகாத நாளிலும் ஜெபமாலை சொல்லு.

உன்னிடம் ஒரு யோசனை கேட்கத்தான் முக்கியமாக இதை எழுதினேன். கேபிள்களையும் ஒயர்களையும் முடிச்சைத் தொடாமல் வேறு எந்த வழியாகக் கொண்டுபோகலாம், இஞ்சின் தானாக உறுமாமல் இருக்க என்ன செய்யலாம், படம் போட்டு உடனே எழுது. உன் பதில் வந்து சேர எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், விருந்தோ நாளை, இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது. மத்திகிரித் தபால் பெட்டியிலிருந்து இன்றைய தபாலை எடுத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதத்தை அருளிடமே கொடுக்கிறேன், நாளைக்குப் போகிற வழியில் தேன்கனிக்கோட்டைத் தபாலாபீசில் சேர்த்துவிடுவான். புது வெள்ளைச் சட்டை தைத்திருக்கிறான், அதன் பையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். கலியாணம் இந்த மாதக் கடைசி வியாழன், லீவுக்கு இப்போதே எழுதிப் போடு, மறந்துவிடாதே. ஆண்டவரும் தேவமாதாவும் உன்னைத் தங்கள் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மாவின் முத்தங்களும் அத்தையின் ஆசீரும்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அப்பா,
ம. சூசை

12-5-1968, ஞாயிறு

இன்னாசி, இந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அருளின் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். ஓரத்தில் படிந்திருப்பது ஆயில். வியாழக்கிழமை காலை ஏரிக்கரையில் இடப்பக்கம் திரும்பும் வளைவில் வண்டி வேகமெடுத்துப் பாலத்துச் சுவரில் மோதியது. சின்னப்பன்தான் கேள்விப்பட்டு விறகு லாரியை எடுத்து வந்து, பலகையில் படுக்க வைத்து, ஜூஜுவாடி தாண்டிப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதுகெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. அம்மா அங்கே அவனோடு இருக்கிறாள், நான் நேற்று வீடு வந்தேன். மேரிராணியும் அவள் தாயாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லீவு கிடைத்தால் உடனே புறப்பட்டு வா.

வண்டியை மாதப்பன் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் போட்டிருக்கிறான். சாமியார் சொன்னபடி சனிக்கிழமை மாலை சேலத்திலிருந்து வந்தார், வந்ததும் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். இன்று காலைப் பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.